ஒரு தண்டில் இரண்டு அச்சு: எக்சென்ட்ரிக் கடைசல் முறைகள் பற்றி ஓர் ஆய்வு

லேத் ஒரே ஓர் அச்சை மட்டும் அறிந்த எந்திரம். ஸ்பிண்டில் எந்தக் கோட்டைச் சுற்றிச் சுழல்கிறதோ, டூல் தொட்ட இடமெல்லாம் அந்தக் கோட்டை மையமாகக் கொண்ட வட்டமாகிவிடும். எக்சென்ட்ரிக் தண்டு கேட்பதோ ஒரே இரும்பில் இரண்டு அச்சு. ஓர் அச்சில் பேரிங் உட்காரும். அதிலிருந்து குறித்த தூரம் விலகிய இன்னோர் அச்சில் கனெக்டிங் ராடு ஓடும், அல்லது பிட்மேன் தொங்கும், அல்லது ஒரு பட்டை வால்வைத் தள்ளும். விலகல் 25 மி.மீ. என்றால் மறுமுனையில் கிடைக்கும் ஸ்ட்ரோக் 50 மி.மீ. சுழற்சியை முன்பின் நகர்வாக்க மனிதர் கண்டுபிடித்த மிக எளிய வழி இது.

ஆழ்துளைக் கிணற்றுக்குள் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே கொண்டுவரும் கம்ப்ரசர், தகட்டை வெட்டும் பவர் பிரஸ், விசைத்தறியில் பண்ணையை முன்னும் பின்னும் ஆட்டும் கிராங்க், தையல் மெஷினின் அடித்தண்டு எல்லாம் இதை நம்பி ஓடுகின்றன. எலி விட்னி பிளேக் 1858இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஜா கிரஷரின் வழிவந்தவைதான் நம் கல்குவாரிகளில் இன்று ஓடும் சிங்கிள் டாகிள் கிரஷர்கள்; அவற்றின் தாடையை ஆட்டுவது தலைமாட்டில் கிடக்கும் பருத்த எக்சென்ட்ரிக் தண்டு. மாஸ்டா கம்பெனியின் 13பி ரோட்டரி எஞ்சினில் கிராங்கே கிடையாது. 15 மி.மீ. விலகலுள்ள எக்சென்ட்ரிக் தண்டு, ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும்போது தான் மூன்று சுற்றுச் சுற்றுகிறது. 1931இல் மியூனிக்கில் லோரன்ஸ் பிராரன் தொடங்கிய கம்பெனி செய்த சைக்ளோ கியர்பாக்ஸின் நடுவிலும் ஓர் எக்சென்ட்ரிக்தான் இருந்தது.

இதைக் கடைய வழிகள் பல. மூன்று ஜா சக்கில் பேக்கிங் வைக்கலாம். நான்கு ஜா சக்கில் தள்ளிப் பிடிக்கலாம். ஃபேஸ் பிளேட்டில் கட்டலாம். இரண்டு முனையிலும் இன்னொரு ஜோடி சென்டர் போடலாம். ஐ.டி.ஐ. டர்னர் பாடத்திலும் பட்டறைப் பேச்சிலும் இவை எல்லாம் ஒரே கேள்விக்கு விடைகளாக வைக்கப்படுகின்றன: விலகலை எப்படிக் கொண்டுவருவது? இது பாதிக் கேள்விதான் என்பது என் முடிவு. விலகலின் அளவில் நேரும் சிறு பிழையை மெஷின் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. இரண்டு அச்சும் இணையாக இல்லாவிட்டால் அது பொறுப்பதில்லை. எனவே ஒரு முறையை எடைபோடும்போது, விலகலை எவ்வளவு சுலபமாகத் தருகிறது என்பதைவிட, இணைத்தன்மையை எவ்வளவு உறுதியாகக் காக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு தண்டை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். 100 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீளமுள்ள இ.என்.8 கம்பி. நடுவில் 40 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளத்தில் கிராங்க் பின். இரு பக்கமும் 45 மி.மீ. விட்டத்தில் ஜர்னல். விலகல் 25 மி.மீ. இந்த விலகல் 25.1 ஆகிவிட்டால் ஸ்ட்ரோக் 0.2 மி.மீ. கூடும்; பிஸ்டன் 0.1 மி.மீ. மேலே ஏறும். கேஸ்கட்டில் சரிசெய்துவிடலாம். ஆனால் கிராங்க் பின் தன் 40 மி.மீ. நீளத்துக்குள் 0.05 மி.மீ. சாய்ந்திருந்தால் கதை வேறு. பேரிங்குக்கு விடும் இடைவெளி விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அதாவது இங்கே 0.04 மி.மீ.தான். சாய்வு அந்த இடைவெளி முழுவதையும் தின்றுவிடுகிறது. எண்ணெய்ப் படலம் ஓரத்தில் கிழிகிறது, பேரிங்கின் ஒரு விளிம்பு மட்டும் பளபளக்கிறது, ராடு பக்கவாட்டில் ஆடுகிறது, பிஸ்டன் சிலிண்டரின் ஒரு பக்கத்தைத் தேய்க்கிறது. அப்போது பழி எண்ணெய்மீதும் பேரிங்மீதும்தான் விழுகிறது. தண்டைக் கழற்றி அளப்பவர் அரிது.

வரலாற்றில் இந்த வேலைக்கு இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று, வேலைப்பொருளை நகர்த்தி, வேண்டிய அச்சை ஸ்பிண்டில் அச்சோடு சேர்ப்பது. லண்டன் ஹோல்ட்ஸாப்ஃபெல் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் அலங்காரக் கடைசலுக்காகச் செய்து விற்ற எக்சென்ட்ரிக் சக் இதன் நல்ல உதாரணம்: சக்கின் முகத்தில் ஒரு ஸ்லைடு, அதை அளந்து தள்ள ஒரு ஸ்க்ரூ. தந்தத்திலும் கருங்காலியிலும் பூவட்டங்கள் போடப் பிறந்த ஏற்பாடு, எந்திர வேலையின் அடிப்படையைச் சுத்தமாகச் சொல்லிவிடுகிறது. மற்றொரு பாதையில் வேலைப்பொருளின் அச்சைத் தொடுவதில்லை. சுற்றச்சுற்ற டூலே முன்னும் பின்னும் போகும். துப்பாக்கியின் மரக்கட்டையைக் கடைய தாமஸ் பிளான்சர்டு 1819இல் காப்புரிமை பெற்ற நகல் லேத் அந்தப் பாதையின் தொடக்கம். கேம் ஷாஃப்ட் கடையும் லேத்தும், இன்றைய சி.என்.சி. கிராங்க் கிரைண்டரும் அதே பாதையில் வந்தவை. கோயம்புத்தூர் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ சாதாரண லேத் வைத்திருப்பவருக்குக் கைவசம் இருப்பது முதல் பாதை. இக்கட்டுரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

மூன்று ஜா சக் முறையை முதலில் பார்த்துவிடலாம். ஒரு ஜாவுக்கும் வேலைக்கும் நடுவில் தகட்டுத் துண்டு வைத்தால் வேலை மையத்திலிருந்து விலகும். பேக்கிங்கின் தடிமன் விலகலைப்போல் ஒன்றரை மடங்கு என்று எல்லாரும் சொல்வார்கள். ஜாவின் முகம் அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே சரி. முகம் குறுகி, வேலையை ஒரே கோட்டில் தொட்டால் விடை கொஞ்சம் குறையும். 40 மி.மீ. கம்பியில் 3 மி.மீ. விலகல் வேண்டுமென்றால் ஒன்றரை மடங்குக் கணக்கு 4.5 என்கிறது, கோட்டுத் தொடர்பாகப் பார்த்தால் 4.33தான் வரும். நடைமுறையில் ஜாவின் முகம் தேய்ந்து இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அதனால் சூத்திரத்தைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, டயல் வைத்து, குறையும் அளவில் ஒன்றரை மடங்கைப் பேக்கிங்கில் கூட்டுவதோ கழிப்பதோதான் ஒழுங்கு. டயல் முழுச்சுற்றில் காட்டுவது விலகலைப்போல் இரண்டு மடங்கு என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும், 10 மி.மீ. ஓட்டமுள்ள டயலால் 5 மி.மீ. விலகலுக்கு மேல் நேராக அளக்க முடியாது.

எனக்கு இம்முறைமேல் உள்ள குறை அளவைப் பற்றியது அல்ல. பேக்கிங் ஒரு சிறு துண்டு. அதன் ஒரு ஓரத்தில் பிசிறு இருந்தாலோ, ஜாக்கள் வாய்ப்பக்கம் தேய்ந்து விரிந்திருந்தாலோ, வேலை சாய்ந்துதான் உட்காரும். 40 மி.மீ. பிடிப்புக்குள் 0.05 மி.மீ. சாய்வு என்றால், சக்கிலிருந்து 80 மி.மீ. வெளியே அது 0.1 மி.மீ. ஆகிறது. ஆகவே கட்டை நீளமுள்ள கேம், வால்வு எக்சென்ட்ரிக், ஜிக்குகளில் இறுக்கப் பயன்படும் எக்சென்ட்ரிக் பிடிகள் போன்றவற்றுக்கு இது போதும். ஒரே மாதிரி நூறு உருப்படி வேண்டும்போது இதைவிட வேகமான வழியும் இல்லை. நீளமான எதற்கும் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான்கு ஜா சக்கில் ஒவ்வொரு ஜாவும் தனியாக நகர்வதால் விலகலை நுணுக்கமாகக் கொண்டுவரலாம். ஒற்றை வேலைக்கும் ரிப்பேருக்கும் இதுவே பட்டறையின் நம்பிக்கை. இங்கே நேரும் தவறு நுட்பமானது. சக்கின் அருகே டயல் வைத்து ஒரு சுற்று, 100 மி.மீ. தள்ளி வைத்து இன்னொரு சுற்று. இரண்டிலும் ஒரே எண் வந்தால் அச்சு இணை என்று முடிவுகட்டுகிறோம். அது போதாது. இரண்டு இடத்திலும் விலகல் சமமாக இருந்தாலும், உச்சப்புள்ளி ஒரு இடத்தில் ஒரு கோணத்திலும் மற்ற இடத்தில் வேறு கோணத்திலும் இருக்கலாம். அப்போது அச்சு சாயவில்லை, திருகியிருக்கிறது. டயலின் மொத்த எண் அதைக் காட்டிக்கொடுக்காது. சரியான சோதனை ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டுச் செய்வது. உச்சப்புள்ளியை டயலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, கேரேஜை நீளவாக்கில் ஓட்ட வேண்டும்; முள் அசையக் கூடாது. பிறகு சக்கைக் கால் சுற்றுத் திருப்பி நிறுத்தி, மறுபடி ஓட்ட வேண்டும். அப்போதும் முள் அசையக் கூடாது. இந்த இரண்டாவது ஓட்டத்துக்கு டயலின் முனையில் உருண்டைக்குப் பதில் தட்டைக் கால் மாட்டினால் நல்லது. கால் சுற்றில் வேலையின் மையம் டயலின் மட்டத்துக்கு மேலோ கீழோ போய்விடும், உருண்டை முனை பக்கச் சரிவில் உட்கார்ந்து சாய்வையும் திருகலையும் கலந்து காட்டும்.

ஃபேஸ் பிளேட் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வி பிளாக்கையோ ஆங்கிள் பிளேட்டையோ அதில் போல்ட் செய்து, தண்டை வி-யில் படுக்க வைத்துக் கட்டினால், வி-யின் நீளமே இணைத்தன்மைக்குக் காவல். குட்டையான, கனமான வேலைகளுக்கும் எக்சென்ட்ரிக் துளை போரிங் செய்வதற்கும் இதை மிஞ்ச ஒன்றில்லை. எடை ஒரு பக்கம் தொங்குவதால் எதிர்ப்பக்கம் பேலன்ஸ் வெயிட் கட்டியே ஆக வேண்டும். கியரை நியூட்ரலில் விட்டுக் கையால் சுற்றினால், எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நின்றால் கட்டியது சரி.

இனி சென்டர்களுக்கு நடுவில் கடைவது. நீளமான தண்டுக்கு இதுவே முதன்மையான முறை. இதில்தான் வேலையின் வரிசைமுறை, குறிப்பு, உலோகத்தின் குணம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

தண்டின் இரண்டு முகத்திலும் பிரதான அச்சுக்கு ஒரு சென்டர், கிராங்க் பின் அச்சுக்கு ஒரு சென்டர் போடுகிறோம். எந்த ஜோடியில் மாட்டுகிறோமோ அந்த அச்சில் கடையலாம். கழற்றி மாட்டினாலும் அச்சு மாறாது. லேத்தில் கடைந்ததை அதே சென்டரில் கிரைண்டிங் மெஷினில் மாட்டலாம். இத்தனை வசதியும் இரண்டு முகத்திலும் உள்ள சென்டர்கள் ஒரே கோணத்தில் இருந்தால்தான். நம் உதாரணத் தண்டில் ஒரு முகத்தின் குறிக்கும் மறுமுகத்தின் குறிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. ஆரத்தில் ஒரு டிகிரி 0.44 மி.மீ. 300 மி.மீ. நீளத்தில் அந்த விலகல் பரவுவதால், நடுவிலுள்ள கிராங்க் பின்னின் 40 மி.மீ. நீளத்துக்கு விழும் பங்கு 0.058 மி.மீ. மேலே பார்த்த பேரிங் இடைவெளியைவிட இது அதிகம். ஒரு டிகிரியில் வேலை கெட்டுவிடுகிறது! அந்த ஒரு டிகிரி எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு முகத்தைக் குறித்துவிட்டுத் தண்டை வி பிளாக்கில் உருட்டி மறுமுகத்தைக் குறிப்பதிலிருந்தும், பஞ்ச் அரை மில்லி நழுவுவதிலிருந்தும்தான்.

ஆகவே குறிக்கும்போது தண்டை ஒரே ஜோடி வி பிளாக்கில் அசையாமல் கட்டி, ஹைட் கேஜால் முகம் மாற்றி முகம் ஒரே உயரத்தில் கோடு இழுப்பது கட்டாயம். குறியை நம்பிப் பஞ்ச் அடித்துத் துளைப்பதைவிட, மில்லிங் மெஷின் டேபிளில் வைத்து அளவு எண்ணி நகர்த்தித் துளைப்பது மேல். தண்டைத் திருப்பி மாட்ட வேண்டியிருந்தால், பக்கவாட்டில் நீளமாக ஒரு தட்டை முகம் மில்லிங் செய்து, அதை டயலால் மட்டம் பார்த்தால் கோணம் பிசகாது. பின்னால் கடைந்து போகிற உலோகத்தில்தானே அந்தத் தட்டை, பத்து நிமிட வேலைக்கு யோசிக்கத் தேவையில்லை. சென்டர் துளையும், விளிம்பில் 120 டிகிரி பாதுகாப்புச் சரிவுள்ள பி வகையாக இருந்தால், கழற்றி மாட்டும்போது விழும் அடி 60 டிகிரி முகத்தைத் தொடாது.

அடுத்த சிக்கல் இடம். நம் தண்டின் ஜர்னல் 45 மி.மீ.; அதன் ஆரம் 22.5. கிராங்க் பின் சென்டரோ 25 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஜர்னலைக் கடைந்து முடித்தால் அந்தச் சென்டர் காற்றில் போய்விடும். கிராங்க் பின்னை முதலில் முடித்துவிட்டு, ஜர்னலைக் கடைசியில் கடையலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் 100 மி.மீ. கம்பியை 45-க்குக் கொண்டுவர அவ்வளவு உலோகத்தை உரிக்கும்போது, உருட்டாலையிலிருந்து உள்ளே உறைந்திருந்த இழுவிசை விடுபடும்; தண்டு கொஞ்சம் வளையும். முடித்து வைத்த கிராங்க் பின் அச்சு அந்த வளைவோடு நகரும். எனவே ஒரு முனைக்கு 25 மி.மீ. வீதம் இரண்டு பக்கமும் கூடுதலாக விட்டு, முழு விட்டத்தில் காலர்களாக நிறுத்துவதே நல்ல வழி. சென்டர்கள் அந்தக் காலர்களில் இருக்கும். எல்லாப் பாகத்தையும் ஓரிரு மில்லி மிச்சம் வைத்து ரஃப் செய்து, சூட்டில் வைத்து ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்து, பிரதான அச்சில் ஜர்னலை ஃபினிஷ் செய்து, பிறகு கிராங்க் பின்னை முடித்து, கடைசியில் காலர்களை அறுத்துவிடலாம். இதற்கு 50 மி.மீ. கம்பி, சுமார் 3 கிலோ இரும்பு வீணாகிறது. இந்த மூன்று கிலோவை மிச்சம்பிடிக்கப் போய்த் தண்டையே இழந்த பட்டறைகள் உண்டு. ஏற்கெனவே முடித்த தண்டுக்கு ரிப்பேர் செய்யும்போது காலர் இருக்காது. அப்போது ஜர்னல் முனைகளில் இறுக்கிப் பிடிக்கும் த்ரோ பிளேட் ஜோடி வேண்டும். இரண்டு பிளேட்டின் சென்டர் துளையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி ஒரே பிடியில் துளைத்தால்தான் விலகல் சமமாக வரும். கோணத்தைத் தண்டில் மாட்டிய பிறகு சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

கிராங்க் பின்னை ரஃப் வெட்டி முடித்ததும் தண்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது. டெயில்ஸ்டாக்கின் அழுத்தம் நேர்கோட்டில் போகாமல் அந்தப் பள்ளத்தைச் சுற்றி வளைந்து போவதால், பின்னின் இரு பக்கமும் நிற்கும் சுவர்களான வெப்புகள் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும். ஜர்னலை ஃபினிஷ் செய்யும்போது அந்த இடைவெளியில் கச்சிதமான கட்டையோ சிறு ஜாக் ஸ்க்ரூவோ வைப்பது பழைய டர்னர்களின் வழக்கம். கையால் தள்ளினால் போய் உட்கார வேண்டும்; அடித்து ஏற்றினால் அதுவே வெப்பை விரித்துவிடும்.

வெட்டும் வேலையைப் பார்ப்போம். கிராங்க் பின் அச்சில் மாட்டினால் கம்பியின் தொலைவான பக்கம் 75 மி.மீ. ஆரத்தில் சுற்றும், அருகான பக்கம் 25 மி.மீ. ஆரத்தில். முதல் தொடுகையிலிருந்து 50 மி.மீ. ஆழம் வரை டூல் ஒவ்வொரு சுற்றிலும் காற்றில் போய் இரும்பில் மோதும். கடைசி 5 மி.மீ. மட்டுமே தொடர்ந்த வெட்டு. இந்த அடியைத் தாங்க, கார்பைடு என்றால் பி10 போன்ற கடினமான ரகம் உதவாது. பி30, பி40 போன்ற உறுதியான ரகம் வேண்டும். பள்ளத்தின் அடியை எட்ட டூல் 55 மி.மீ.க்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால் அதிர்வும் சேரும். அதனால் நடுப்பகுதியின் பெரும்பங்கு இரும்பை லேத்துக்கு வருமுன்பே துளையிட்டோ, பேண்ட் சாவில் அறுத்தோ, மில்லிங்கிலோ எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். கிராங்க் ஷாஃப்டை ஃபோர்ஜிங்காகவோ எஸ்.ஜி. அயர்ன் வார்ப்பாகவோ கம்பெனிகள் செய்வதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. மோட்டாரைப் போடுமுன் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பார்ப்பதைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 150 மி.மீ. வட்டத்தில் சுற்றும் கம்பியின் மூலை டூல் போஸ்டையோ கை விரலையோ தொட்டால், இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

பேலன்ஸ் பற்றிய பேச்சில் ஒரு விஷயம் சரியாகச் சொல்லப்படுவதில்லை. நம் கம்பியின் எடை சுமார் 18.5 கிலோ. 25 மி.மீ. விலகி 300 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 46.5 கிலோ. 600-இல் நான்கு மடங்கு, 186 கிலோ. ரஃப் செய்யும்போது இது தெரியாது. 150 மி.மீ. விட்டத்தில் எச்.எஸ்.எஸ். டூலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்றால் வேகம் 53 ஆர்.பி.எம்.தான். ஆபத்து ஃபினிஷில் வருகிறது. விட்டம் சுருங்கியதும் கார்பைடுக்காக வேகத்தை ஏற்றுகிறோம். எடை கொஞ்சம் குறைந்திருந்தாலும் இழுப்பு பல மடங்காகிறது. அந்த விசை வேலையோடு சேர்ந்தே சுற்றுவதால் வட்டம் கெடாது என்று வாதிடலாம். ஹெட்ஸ்டாக் எல்லாத் திசையிலும் ஒரே உறுதியோடு இருந்தால் அது உண்மை. எந்த லேத்தும் அப்படி இல்லை; படுக்கைவாட்டில் ஒரு விறைப்பு, செங்குத்தில் ஒரு விறைப்பு. அதனால் பின்னின் வட்டம் கெடக்கூடும். வட்டம் தப்பினாலும், ஒரு வேகத்தில் எடுத்த விலகல் மறுவேகத்தில் மாறிவிடும். எதிர் எடை கட்ட இடமில்லையென்றால் வேகத்தைக் குறைத்து எச்.எஸ்.எஸ். டூலிலேயே முடிப்பதுதான் நியாயம்.

கடையாமலே எக்சென்ட்ரிக் செய்யும் வழியும் உண்டு: துண்டுகளாகச் செய்து சேர்ப்பது. 1950களின் நடுவில் சென்னையில் தயாராகத் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட் 350-இன் கிராங்க் அப்படிப்பட்டது. இரண்டு ஃப்ளைவீல், நடுவில் ஒரு கிராங்க் பின். ஸ்ட்ரோக் 90 மி.மீ., ஆகவே விலகல் 45. விலகலைத் தருவது ஃப்ளைவீலில் போரிங் செய்த துளை. அங்கே தவறு நேர்வது அரிது. ஆனால் சேர்க்கும்போது ஒரு ஃப்ளைவீல் மற்றதைவிட இம்மி திரும்பினால் இரண்டு பக்கத்து ஷாஃப்டும் ஒரே கோட்டில் நிற்காது. கிராங்கைச் சென்டர்களுக்கு நடுவில் வைத்து, இரண்டு டயலைப் பார்த்துக்கொண்டே செம்புச் சுத்தியலால் தட்டி நேராக்கும் மெக்கானிக் செய்வது இந்தக் கட்டுரை பேசும் அதே வேலைதான்: கோணத்தையும் சாய்வையும் திருத்துவது. விலகலின் அளவை அவர் தொடுவதே இல்லை.

தேய்ந்த கிராங்க் பின்னை மறுபடி வட்டமாக்கும் கிராங்க் கிரைண்டிங் கடைகள் தமிழ்நாட்டின் ஊர்தோறும் இருக்கின்றன. 0.25, 0.50 மி.மீ. என அண்டர்சைஸ் பேரிங்குகள் கிடைப்பதால் தண்டு பல முறை பிழைக்கிறது. இந்த வேலையில் அச்சைத் தேய்ந்த பரப்பிலிருந்து எடுக்கக் கூடாது. பின் ஒரு பக்கமாகத்தான் தேய்ந்திருக்கும். அதை நம்பி மையம் பார்த்தால் ஸ்ட்ரோக் மாறும், ஓரத்துக்கு ஓரம் தேய்மானம் வேறென்றால் அச்சும் சாயும். பேரிங் தொடாத ஓரங்களில், எண்ணெய்த் துளைக்கு அப்பால், பழைய வட்டம் மிஞ்சியிருக்கும். அங்கே டயலை வைக்க வேண்டும். ஓரத்து ஆரவளைவைக் கூர்மையாக்கிவிடுவதும் பெருங்குற்றம். கிராங்க் உடைவது பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான்.

சி.என்.சி. வந்த பிறகு இக்கேள்வி முடிந்துவிட்டதா? ஒரு பகுதிக்கு முடிந்துவிட்டது. சி அச்சும் ஒய் அச்சும் உள்ள டர்ன்-மில் மெஷினில் தண்டு பிரதான அச்சிலேயே மெதுவாகச் சுற்ற, கட்டர் பின்னைத் தொடர்ந்து ஓடும். கிராங்க் கிரைண்டரில் வீலே பின்னைத் துரத்திப் போகும். ஒரே பிடியில் ஜர்னலும் பின்னும் முடிவதால், சென்டர் மாற்றுவதில் வரும் கோணப் பிழை பிறக்க இடமில்லை. பிளான்சர்டின் பாதை, கணிப்பொறியின் துணையோடு, இணைத்தன்மைப் போட்டியில் முந்திவிட்டது. ஆனால் நம் ஜாப் ஒர்க் கடைகளில் உள்ள பெரும்பாலான சி.என்.சி. லேத்துகள் இரண்டு நகர்வு அச்சு மட்டும் உள்ளவை. அவற்றில் எக்சென்ட்ரிக் என்றால் மறுபடியும் சாஃப்ட் ஜாவில் தள்ளி போரிங் செய்த பிடி, எக்சென்ட்ரிக் புஷ், இரட்டைச் சென்டர். சாஃப்ட் ஜாவை அதே லேத்தில் போரிங் செய்வதால் சாய்வு குறையும் என்பது உண்மையான ஆதாயம். மெஷின் 3000 ஆர்.பி.எம். போகும் என்பதால் பேலன்ஸ் ஆபத்து கூடுகிறது என்பதும் உண்மை. புரோகிராமில் உச்ச வேகத்துக்கு வரம்பு எழுதாமல் சர்ஃபேஸ் ஸ்பீடு கட்டளையை மட்டும் கொடுத்தால், விட்டம் குறையக் குறைய மெஷின் தானாகவே வேகத்தை ஏற்றும்.

முடித்த தண்டைச் சோதிப்பது எந்த முறைக்கும் ஒன்றுதான். சர்ஃபேஸ் பிளேட்டில் ஒரே உயரமுள்ள இரண்டு வி பிளாக். ஜர்னல்கள் அவற்றில். இரண்டு ஜர்னலின் விட்டமும் சமமில்லையென்றால் முதலில் பிரதான அச்சை மட்டமாக்க வேண்டும். பின்னை மேலே கொண்டுவந்து அதன் இரண்டு ஓரத்திலும் டயல் வைத்தால் சாய்வு தெரியும். பின்னைக் கால் சுற்றுத் திருப்பிப் பக்கவாட்டில் நிறுத்தி, மறுபடி இரண்டு ஓரத்திலும் மேலிருந்து அளந்தால் திருகல் தெரியும். பயிற்சிப் பட்டறைகளில் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுத்து, வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, விலகல் சரியென்று மதிப்பெண் போடும் வழக்கத்தில் இந்த இரண்டாவது நிலை விடுபட்டுப்போகிறது. ஜாப் வரைபடங்களிலும் பெரும்பாலும் விலகலுக்கு மட்டும் டாலரன்ஸ் இருக்கும். பின் அச்சு ஜர்னல் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்ற வரியோ குறியோ இருக்காது. வேலை கொடுப்பவர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் வேலை எடுப்பவர் கேட்டு வாங்க வேண்டும். ஆய்வுத் தாளில் மேல்நிலையில் இரண்டு அளவு, கால் சுற்று நிலையில் இரண்டு அளவு என நான்கு எண்களுக்கு இடம் விட்டால் போதும். ஒரு தண்டுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும்.